செல்பேசியின் உள் சேமிப்பகத்தில் லினக்ஸ்: மாறுவது எது, மாறாதது எது

ஆண்ட்ராய்டு செல்பேசி எதை எடுத்தாலும் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னல்தான். ஆகவே அதில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மோபியன், உபுண்டு டச் போன்ற வேறொரு லினக்ஸை நிறுவுவதும், கணினியில் விண்டோஸை அழித்துவிட்டு டெபியனைப் போடுவதும் ஏறக்குறைய ஒரே வேலை என்று பலரும் நினைப்பதில் வியப்பில்லை. கட்டளைகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் செல்பேசியில் வேலை இன்னும் குறைவு. கணினியிலிருந்து செல்பேசியில் எழுத உதவும் ஃபாஸ்ட்பூட் கருவியைக் கொண்டு இரண்டு படிமக் கோப்புகளை இரண்டு பார்ட்டிஷன்களில், அதாவது சேமிப்பகத்தின் பிரிவுகளில், எழுதிவிட்டால் பல மாடல்களில் நிறுவல் முடிந்துவிடும். சிக்கல் அந்தக் கட்டளைகளில் இல்லை. கணினியின் வன்தட்டு ஏறக்குறைய முழுவதும் அதை வாங்கியவர் ஆளுகைக்கு உட்பட்டது. செல்பேசியின் உள் சேமிப்பகத்திலோ சிப் தயாரித்த நிறுவனம், கருவியை வடிவமைத்த நிறுவனம், அலைபேசி இணைப்புக்கான மோடத்தின் ஃபர்ம்வேர் (வன்பொருளின் உள்மென்பொருள்), பாதுகாப்புப் பகுதி என ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் எவ்வளவு நம் கைக்கு வரும், எவ்வளவு வரவே வராது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குபவருக்கு மட்டுமே இது அச்சமில்லாத வேலை.

உள் சேமிப்பகத்தைத் தொடாமல் மெமரி கார்டிலிருந்தே இயக்கிக்கொள்ளலாமே என்ற கேள்வி நியாயமானது. லினக்ஸுக்காகவே உருவாக்கப்பட்ட பைன்ஃபோன் போன்ற சில கருவிகளில் அது முடியும். முதலில் அப்படித்தான் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். ஆனால் ஆண்ட்ராய்டுடன் விற்கப்படும் செல்பேசிகளில் பெரும்பாலானவற்றின் பூட்லோடர், அதாவது இயங்குதளத்தைத் துவக்கிவைக்கும் நிரல், மெமரி கார்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பலவற்றில் கார்டுக்கான இடமே இல்லை. கார்டு இருந்தாலும் வேகம் இடிக்கும். யுஎச்எஸ்-1 வகைக் கார்டின் இணைப்பு நொடிக்கு 104 எம்பியைத் தாண்டாது. எச்எஸ்400 முறையில் இயங்கும் இஎம்எம்சி என்ற உள் சேமிப்பகச் சிப்பின் இணைப்பு நொடிக்கு 400 எம்பி வரை தாங்கும். புதிய கருவிகளில் உள்ள யுஎஃப்எஸ் வகைச் சேமிப்பகம், படிப்பதையும் எழுதுவதையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியது. உண்மையில் அன்றாடப் பயன்பாட்டில் உறுத்துவது இந்த உச்ச வேகம்கூட அன்று. மென்பொருள் தொகுப்புகளைப் புதுப்பிக்கும்போதும் உலாவி தன் தரவுத்தளத்தில் எழுதும்போதும் நடக்கும் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு எழுதும் வேலைகளில்தான் சாதாரண மெமரி கார்டு திணறி, திரை உறைந்து நிற்கிறது. ஓர் இயங்குதளத்தை நாள் முழுவதும் பயன்படுத்த நினைப்பவர் கடைசியில் உள் சேமிப்பகத்துக்குத்தான் வந்து சேர்வார்.

குவால்காம் சிப் கொண்ட ஒரு செல்பேசியில் லினக்ஸ் முனையத்தைத் திறந்து பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டால், மேலே சொன்ன பங்கீடு கண்ணுக்கு முன்னால் விரியும். மடிக்கணினியில் மூன்று நான்கு வரிகளில் முடிகிற பட்டியல் இங்கே திரையைத் தாண்டி ஓடும். இருபது முப்பது பெயர்கள் இருப்பது சாதாரணம், அதற்கு மேலும் உண்டு. பூட், சிஸ்டம், யூசர்டேட்டா ஆகியவற்றின் பயன் பெயரிலேயே தெரிகிறது. எஸ்பிஎல்1, ஆர்பிஎம், டிஇசட், ஏபூட் என்பவை கருவியைத் துவக்கும் சங்கிலியின் கண்ணிகள். டிஇசட் என்பது டிரஸ்ட்ஸோன் என்ற பாதுகாப்புப் பகுதிக்கான மென்பொருள். மோடம் என்ற பார்ட்டிஷனில் அலைபேசி இணைப்புக்கான ஃபர்ம்வேரும், மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி ஆகியவற்றில் அந்த ஒரு கருவிக்கே உரிய ரேடியோ அளவீடுகளும் அடையாள விவரங்களும் இருக்கும். இவற்றில் பல ஓரிரு எம்பிகூடத் தேறாதவை. ஆனால் அழிந்தால் செல்பேசி செல்பேசியாக இராது. இவை போக, ஆர்பிஎம்பி என்றொரு தனிப் பகுதியும் சேமிப்பகச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரே ஒரு முறை பதிக்கப்படும் ரகசியச் சாவியை வைத்திருக்கும் மென்பொருளைத் தவிர வேறு எவராலும் அதில் எழுத முடியாது.

செல்பேசியின் மின்பொத்தானை அழுத்தியதும் முதலில் இயங்குவது, சிப்புக்குள்ளேயே தயாரிப்பின்போது பொறிக்கப்பட்ட மாற்றவியலாத நிரல். அது அடுத்த கட்ட நிரலைச் சேமிப்பகத்திலிருந்து எடுத்து, அதன் கையொப்பத்தைச் சிப்பில் எரித்துப் பதிக்கப்பட்ட அடையாளத்துடன் ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டுமே இயக்கும். அதுவும் தனக்கு அடுத்ததை அப்படியே சோதிக்கும். இந்த வரிசையின் கடைசியில் இருப்பதுதான் நாம் பூட்லோடர் என்று சொல்லும் நிரல். ஃபாஸ்ட்பூட் திரையைக் காட்டுவதும், பூட் பார்ட்டிஷனில் உள்ள கர்னலைச் சோதித்து இயக்குவதும் அதன் வேலை. பூட்லோடரைத் திறப்பது என்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் மட்டும் சோதனையைத் தளர்த்தும்படி நிறுவனம் அனுமதிப்பதைக் குறிக்கிறது. அதற்கு முந்தைய கண்ணிகள் எல்லாம் நிறுவனத்தின் கையொப்பத்துடன் பழையபடியே இயங்கும். ஆகவே முழுக்க முழுக்கக் கட்டற்ற லினக்ஸ் ஓடும் செல்பேசி என்று சொல்லப்படுபவற்றிலும், மோடத்திலும் டிரஸ்ட்ஸோனிலும் இயங்குவது பெரும்பாலும் மூலநிரல் வெளியிடப்படாத மென்பொருளே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாம் மாற்றுவது எந்த எல்லை வரை என்பதற்கான கணக்கு இது.

பூட்லோடரைத் திறந்ததும் பயனரின் தரவு முழுவதும் அழிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. செல்பேசியைத் திருடியவர் பூட்லோடரைத் திறந்து, தனக்கு வேண்டிய கர்னலை ஏற்றி, படங்களையும் செய்திகளையும் படித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. சில நிறுவனங்கள் திறக்கும் வழியையே கொடுப்பதில்லை. சில காத்திருப்புக் காலம் வைக்கின்றன. சில மாற்றங்கள் திரும்பப் பெற முடியாதவை. சாம்சங் கருவிகளில் அங்கீகரிக்கப்படாத மென்பொருளை ஏற்றியதும் நாக்ஸ் எனப்படும் மின்உருகி எரிந்து, பாதுகாப்பான கோப்புறை போன்ற வசதிகள், பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் மறுபடி வேலை செய்யாது. சோனி எக்ஸ்பீரியாவின் பழைய மாடல்கள் சிலவற்றில் திறந்த மாத்திரத்தில் டிஏ என்ற பார்ட்டிஷனிலிருந்த சாவிகள் அழிந்து, கேமராவின் படத் தரமே குறைந்தது. நிறுவல் வழிகாட்டிகளில் இவை பெரும்பாலும் கடைசியில் ஒரு வரியாக வரும். முதலில் இருக்க வேண்டியவை இவைதாம்.

கணினிக்கு ஒரே நிறுவல் படிமம் எல்லா மாடலுக்கும் பொருந்துகிறது. செல்பேசிக்கு மாடலுக்கு ஒன்று தேவைப்படுகிறது. கணினியில் எந்த வன்பொருள் எங்கே இணைந்திருக்கிறது என்பதைக் கர்னலுக்குச் சொல்ல யுஇஎஃப்ஐ, ஏசிபிஐ என்ற பொது ஏற்பாடுகள் இருக்கின்றன. செல்பேசிகளில் அந்தத் தகவலை டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பாக ஒவ்வொரு மாடலுக்கும் எவராவது எழுதித்தான் ஆக வேண்டும். நிறுவனங்கள் வெளியிடும் கர்னல் இதற்கு உதவினாலும், அது பழையதாகவே நின்றுவிடுகிறது: 2018-இல் வந்த, குவால்காமின் ஸ்னாப்டிராகன் 845 சிப் கொண்ட கருவிகள் லினக்ஸ் 4.9 பதிப்பையும், அதற்கு முந்தைய ஸ்னாப்டிராகன் 410 கருவிகள் 3.10 பதிப்பையும் சார்ந்திருந்தன. இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. உபுண்டு டச், செயில்ஃபிஷ் போன்றவை பொதுவாக நிறுவனத்தின் கர்னலையும், வன்பொருளை இயக்கும் ஆண்ட்ராய்டு டிரைவர்களையும் வைத்துக்கொண்டு, லிப்ஹைப்ரிஸ் என்ற இடைநிரல் வழியாக அவற்றுடன் பேசுகின்றன. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மோபியன் ஆகியவை முடிந்தவரை லினக்ஸின் மைய மூலநிரலிலேயே அந்தச் சிப்புக்கான ஆதரவைச் சேர்த்து, அதன் புதிய கர்னலை ஓட்ட முயல்கின்றன. 2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், செல்பேசியின் ஆயுளைப் பத்து ஆண்டுகளாக நீட்டுவதையே குறிக்கோளாக அறிவித்தது. ஒன்பிளஸ் 6 போன்ற ஸ்னாப்டிராகன் 845 கருவிகள் இன்றும் புதிய கர்னல்களில் ஓடுவது அந்த வழியில்தான்.

இந்த வேறுபாடு உள் சேமிப்பகத்தில் எதை விட்டுவைக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. முதல் வழியில் வெண்டர் என்ற பார்ட்டிஷனில் உள்ள நிறுவனத்தின் டிரைவர்கள் தேவைப்படுவதால், லினக்ஸை நிறுவுவதற்கு முன் குறிப்பிட்ட ஒரு ஆண்ட்ராய்டு பதிப்பைப் போட்டுக்கொள்ளும்படி வழிகாட்டி சொல்லும்; அதைப் பொருட்படுத்தாமல் கடந்தால் திரை வரும், ஆனால் ஒலியோ கேமராவோ வராது. இரண்டாவது வழியில் வெண்டர் தேவையில்லை என்று பொதுவாகச் சொன்னாலும் ஃபர்ம்வேர் தேவை. பழைய குவால்காம் கருவிகள் பலவற்றில் வைஃபைக்கும் மோடத்துக்குமான ஃபர்ம்வேரை, லினக்ஸ் துவங்கும்போது கருவியின் சொந்தப் பார்ட்டிஷனிலிருந்தே படிக்க மட்டும் இணைத்து எடுத்துக்கொள்கிறது. அது நிறுவனத்தின் கையொப்பம் பெற்றது என்பதால் இன்னொரு மாடலின் கோப்பை எடுத்துப் போட்டாலும் ஏற்காது. இடம் வீணாகிறதே என்று ஆண்ட்ராய்டின் மிச்சங்களை அள்ளி அழிப்பவர் வைஃபையையும் சேர்த்து அழித்துவிடுவதற்கு இதுவே காரணம். அழிக்கச் சொல்லும் இடங்களும் உண்டு: ஒன்பிளஸ் 6-இல், ஆண்ட்ராய்டு கர்னலுக்காக எழுதப்பட்ட டிடிபிஓ பார்ட்டிஷன் புதிய கர்னலின் வன்பொருள் விவரத்தோடு மோதும் என்பதால் அதை அழிக்கும் கட்டளை நிறுவலிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. எதைத் தொடலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஊகத்துக்கு இங்கே இடமில்லை.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இந்த நெருக்கடிக்குள் தன்னைப் பொருத்திக்கொள்ளும் விதம் கூர்ந்து பார்க்கத்தக்கது. கருவியின் பார்ட்டிஷன் அட்டவணையை அது திருத்துவதில்லை. கர்னலும் துவக்கக் கோப்புகளும் அடங்கிய சிறிய படிமம் பூட் பார்ட்டிஷனுக்குப் போகிறது. முழு இயங்குதளமும் அடங்கிய பெரிய படிமம் பயனர் தரவுக்கான யூசர்டேட்டா பார்ட்டிஷனில் எழுதப்படுகிறது. அந்தப் பெரிய படிமத்துக்குள் தனியே ஒரு பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது. அதாவது ஒரு பார்ட்டிஷனுக்குள் இரண்டு உள்பார்ட்டிஷன்கள். கர்னல் துவங்கியதும் முதலில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்பமைப்பு, யூசர்டேட்டாவைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை இனங்கண்டு, மீதமுள்ள இடம் முழுவதற்கும் கோப்பமைப்பை விரிவாக்கி, பிறகே இயங்குதளத்தை எழுப்புகிறது. சுற்றுவழி போலத் தெரிந்தாலும் இதில் ஒரு நிதானம் இருக்கிறது. தவறினால் இழப்பது எப்படியும் அழிந்துபோயிருக்கும் பயனர் தரவின் இடத்தை மட்டுமே. சங்கிலியின் கண்ணிகள் எவையும் தொடப்படுவதில்லை. ஸ்னாப்டிராகன் 410 போன்ற பழைய சிப்புகளில் எல்கே2என்டி என்ற இரண்டாம் பூட்லோடரைப் பூட் பார்ட்டிஷனில் வைப்பார்கள். நிறுவனத்தின் பூட்லோடர் அதைக் கர்னல் என்று எண்ணி இயக்க, அது தன் பங்குக்கு உண்மையான கர்னலைத் தேடி இயக்கும். மாடலுக்கு மாடல் மாறும் பூட்லோடரின் விசித்திரங்கள் அதோடு மறைகின்றன.

2016-இல் ஆண்ட்ராய்டு 7 உடன் வந்த ஏ, பி என்ற இரட்டைத் தொகுதி ஏற்பாடு இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தது. பூட் உள்ளிட்ட பார்ட்டிஷன்கள் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று பழுதானால் மற்றதற்குத் தாவலாம். ஒரு தொகுதி வெற்றிகரமாகத் துவங்கிவிட்டது என்று இயங்குதளம் குறித்துவைக்காவிட்டால், பூட்லோடர் ஒவ்வொரு துவக்கத்திலும் முயற்சி எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்து, தீர்ந்ததும் அந்தத் தொகுதியைக் கைவிட்டுவிடும். சில நாள் ஒழுங்காக ஓடிய லினக்ஸ் திடீரென்று ஒரு காலை துவங்காமல் ஃபாஸ்ட்பூட் திரையிலேயே நிற்பதன் மர்மம் பல நேரங்களில் இதுதான். சேமிப்பகம் பழுதாகியிருக்காது, வெற்றிக் குறியை இட வேண்டிய சிறு சேவை நிறுவப்படாமலோ இயங்காமலோ இருந்திருக்கும். ஒரு தொகுதியில் ஆண்ட்ராய்டும் மற்றதில் லினக்ஸுமாக இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று இதைப் பார்த்ததும் தோன்றும். முடியும், ஆனால் யூசர்டேட்டா ஒன்றே ஒன்றுதான். லினக்ஸை வேறு எங்காவது வைக்க வழி செய்தால் ஒழிய இந்தக் கூட்டுக்குடித்தனம் நிலைக்காது.

லினக்ஸுக்காகவே உருவாக்கப்பட்ட கருவியில் இந்தச் சிடுக்கு பெரும்பகுதி இல்லை. பைன்ஃபோனில் உள்ள ஆல்வின்னர் ஏ64 சிப் முதலில் மெமரி கார்டைத் தேடும். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால்தான் உள்ளே இருக்கும் இஎம்எம்சிக்கு வரும். ஜம்ப்டிரைவ் என்ற மிகச் சிறிய படிமத்தைக் கார்டில் எழுதிச் செருகித் துவக்கினால், உள் சேமிப்பகம் முழுவதும் யுஎஸ்பி வழியே கணினியில் ஒரு பென்டிரைவைப் போலத் தெரியும். பிறகு டிடி கட்டளையால் படிமத்தை அதில் எழுத வேண்டியதுதான். இங்கே ஆபத்து செல்பேசிக்கு அன்று, கணினிக்கு: எழுத வேண்டிய இடத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் கணினியின் வன்தட்டு அழியும், டிடி ஒரு வார்த்தை கேட்காது. ஆகவே அளவைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே எழுத வேண்டும். 16 அல்லது 32 ஜிபி காட்டினால் அது பைன்ஃபோன். படிமத்தை எழுதாமல் கையாலேயே பார்ட்டிஷன் பிரிக்க முனைபவர் மோதும் இடம் ஒன்று உண்டு. ஏ64 தன் துவக்க நிரலை வட்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளித் தேடுகிறது. ஜிபிடி முறைப் பார்ட்டிஷன் அட்டவணையோ முதல் 17 கேபியை எடுத்துக்கொள்ளும். ஒன்று எழுதப்பட்டால் மற்றது சிதையும். அதனால்தான் பழைய எம்பிஆர் முறை இங்கே இன்னும் வழக்கில் இருக்கிறது. 128 கேபி தள்ளியும் அந்தச் சிப் தேடும் என்பதால் துவக்க நிரலை அங்கே நகர்த்தியும் வைக்கலாம்.

எந்தக் கருவியானாலும் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, எழுதாமலே சோதிப்பது. பல பூட்லோடர்கள் ஒரு பூட் படிமத்தைச் சேமிப்பகத்தில் வைக்காமல் நேரே நினைவகத்தில் ஏற்றி இயக்கும் கட்டளையை ஏற்கின்றன. கர்னல் இந்தக் கருவியில் உயிர் பெறுகிறதா, திரையும் யுஎஸ்பியும் எழுகின்றனவா என்பது அதில் தெரிந்துவிடும், பொத்தானை அழுத்தி மறுதொடக்கம் செய்தால் பழைய நிலை. மற்றொன்று, மீட்டெடுக்க முடியாதவற்றைப் பிரதி எடுப்பது. சிஸ்டம், வெண்டர், பூட் ஆகியவற்றை நிறுவனத்தின் முழுப் படிமத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட், சாம்சங் கருவிகளில் இஎஃப்எஸ் ஆகியவற்றை அப்படிப் பெற முடியாது, ஏனெனில் அவை அந்த ஒரே கருவிக்காகத் தொழிற்சாலையில் எழுதப்பட்டவை. அவை போனால் ஐஎம்இஐ எண் மறைந்து, சிம் இருந்தும் அலை கிடைக்காத பெட்டியாகிவிடும். எல்லாம் சேர்த்துச் சில பத்து எம்பிக்கு மேல் வராத இந்தப் பிரதியை எடுத்து, கருவிக்கு வெளியே வைப்பதற்குச் சோம்பல்படுபவர்களுக்காகப் பரிந்து பேச எனக்கு ஒன்றும் இல்லை.

நிறுவும்போது, கடவுச்சொல் இல்லாமல் தரவைப் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் குறியாக்கம் வேண்டுமா என்ற கேள்வி வரும், வேண்டும். ஆனால் அது ஆண்ட்ராய்டின் குறியாக்கத்துக்கு நிகரான காவல் அன்று என்பதை உணர்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் நான்கு இலக்க எண்ணே ஓரளவு தாங்குவதற்குக் காரணம், தவறாக ஊகிப்பவரை வன்பொருளே தாமதப்படுத்துவதுதான். லினக்ஸின் லக்ஸ் என்ற குறியாக்க முறையில் பொதுவாக அந்த வன்பொருள் காவல் இல்லை. கடவுச்சொல்லின் வலிமையே எல்லாம். பூட்லோடர் திறந்திருக்கும் கருவியிலிருந்து எவரும் தரவைப் பிரதி எடுத்துக்கொண்டு போய், வேகமான கணினியில் நிதானமாக ஊகிக்கலாம். நான்கு இலக்கத்தில் இருப்பவை 10,000 வாய்ப்புகளே. நீளமான கடவுச்சொல்லைத் திரைவிசைப்பலகையில் ஒவ்வொரு துவக்கத்திலும் அடிப்பது எரிச்சல்தான், வேறு வழியில்லை. இன்னொன்று: கணினியில் வைத்தே குறியாக்கப் படிமத்தைத் தயாரித்தால், கடவுச்சொல்லைச் சோதிக்கும் ஆர்கான்2 கணிப்பு அந்தக் கணினியின் திறனுக்கு ஏற்ப அளவெடுத்துக்கொண்டு 1 ஜிபி வரை நினைவகம் கேட்கக்கூடும். 2 ஜிபி மட்டுமே உள்ள செல்பேசியில் அது திறக்க மிகவும் தாமதமாகும், சில வேளை திறக்காமலும் போகும். செல்பேசிக்கென்று உள்ள நிறுவல் கருவிகள் இந்த அளவைக் குறைத்துத்தான் அமைக்கின்றன.

எழுத எழுதச் சேமிப்பகம் தேய்ந்துவிடும் என்ற அச்சம் மிகைப்படுத்தப்படுகிறது. நினைவகம் போதாதபோது உதவும் இடமாற்று நினைவகத்தை சேமிப்பகத்தில் வைக்காமல் இசட்ராம் வழியாக நினைவகத்திலேயே சுருக்கி வைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஃப்ளாஷ் சேமிப்பகத்துக்கென்றே சாம்சங் உருவாக்கி 2013-இல் லினக்ஸ் 3.8 உடன் சேர்ந்த எஃப்2எஃப்எஸ் கோப்பமைப்பும் இருக்கிறது, லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பமைப்பு இருந்தாலும் குறையில்லை. பழைய செல்பேசியைக் கையில் எடுப்பவர் பார்க்க வேண்டியது வேறு. இஎம்எம்சி 5.0 முதல், சிப்பே தன் ஆயுளைப் பத்துப் பத்து சதவீதமாக மதிப்பிட்டு ஓர் எண்ணாகச் சொல்கிறது. 1 என்றால் தேய்ந்தது 10 சதவீதத்துக்குள், எண் ஏற ஏற ஆயுள் குறைகிறது, 11 என்றால் மதிப்பிட்ட ஆயுள் கடந்துவிட்டது. லினக்ஸில் அதைப் படிக்க ஒரு கோப்பைத் திறந்தால் போதும். ஆண்ட்ராய்டில் பொதுவாகக் கண்ணில் படாத இந்த எண்ணைப் பார்த்துவிட்டு முதன்மைக் கருவியாக வைத்துக்கொள்ளலாமா என்று முடிவெடுப்பது நல்லது.

அழைப்புகளைப் பொறுத்தவரை மாடலின் ஆதரவுப் பக்கத்தில் வோல்ட்இ (4ஜி வழியே குரல் அழைப்பு) என்ற வரியை முதலில் தேட வேண்டும். 2ஜி, 3ஜி சேவைகள் மூடப்பட்ட இடங்களில் அது இல்லாவிட்டால் இணையம் கிடைக்கும், குரல் அழைப்பு கிடைக்காது. அவசர அழைப்பும் ஐயத்துக்கு உரியதாகிவிடும்.

திரும்பி வரும் வழிதான் பலர் வழுக்கும் இடம். நிறுவனத்தின் படிமத்தைத் திரும்பப் போடும்போது, கருவியில் முன்பு இருந்ததைவிடப் பழைய பதிப்பைப் போட்டால், பின்னோக்கிச் செல்வதைத் தடுக்கும் ஏற்பாடு உள்ள மாடல்கள் துவங்காமலே போகக்கூடும். ஆகவே லினக்ஸை நிறுவும் நாளிலேயே அன்றிருந்த பதிப்பின் முழுப் படிமத்தையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பூட்லோடரை மறுபடி பூட்டுவது அதைவிடக் கவனம் வேண்டும் வேலை. நிறுவனத்தின் மென்பொருள் எல்லாப் பார்ட்டிஷன்களிலும் முழுமையாகத் திரும்பி, ஒரு முறையாவது ஒழுங்காகத் துவங்கிய பிறகே பூட்ட வேண்டும். லினக்ஸ் கர்னலோ அதன் மிச்சமோ பூட் பார்ட்டிஷனில் இருக்கும்போதே பூட்டினால், கையொப்பம் பொருந்தாததைக் கண்ட பூட்லோடர் துவக்க மறுக்கும். பூட்டிய நிலையில் புதிதாக எழுதவும் விடாது. திறக்கும் அனுமதியை ஆண்ட்ராய்டின் அமைப்புகளுக்குள் சென்று தர வேண்டிய மாடல்களில், அந்த ஆண்ட்ராய்டே துவங்காதபோது அதையும் தர முடியாது. குவால்காமின் அவசரப் பதிவிறக்க நிலை என்ற அடித்தள வழி அப்போதும் திறந்திருக்கும் என்றாலும், அதன் வழியாக எழுதுவதற்கும் நிறுவனத்தின் கையொப்பம் பெற்ற நிரல் வேண்டும். பல மாடல்களுக்கு அது பொதுவெளியில் கிடைப்பதில்லை.